தொட்டுப் பார்த்த கடல்

என் கடையில் ஒரு சட்டம் இருந்தது. பழைய படங்களைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் படத்தின் கதையை என்னிடம் சொல்லக்கூடாது. யார் வரைந்தது, யாருக்குக் கொடுத்தது, எந்தச் சித்தப்பா எந்த அத்தையோடு மல்லுக்கு நின்று வாங்கிப் போனது, எதுவும் வேண்டாம். என்ன பழுது, எப்போது வேண்டும், அவ்வளவுதான். கதவின் உட்பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருந்தேன். கீழே தையல் கடை வைத்திருப்பவர் ஒரு நாள் அதைப் படித்துவிட்டு, நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்றாவது கேட்பீர்களா என்று கிண்டல் செய்தார். தெருவில் எனக்குப் பட டாக்டர் என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

சட்டம் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்மணி ஒரு படத்தைக் கொண்டுவந்தார். அதன் மூலையில் இருந்த பழுப்புக் கறை தன் அப்பாவின் கண்ணீர் என்று சொல்லி விசும்பினார். நான் ஒரு வாரம் அந்தக் கறையைத் தொடப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால் அது காப்பி. அன்றைக்கு முடிவு செய்தேன், கதை கேட்டால் கை நடுங்கும் என்று. படத்தில் இருப்பது துணி, பசை, வண்ணம், அழுக்கு. அதற்குக் கண் போதும், காது வேண்டாம்.

முப்பத்தைந்து வருடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பார்வை இல்லாத ஒரு அம்மாவிடம் ஒரு கடல் இருந்தது. தினமும் அதை விரலால் தடவித்தான் அவர் பார்ப்பார். என் பெருமை அந்தக் கடலை அவரிடமிருந்து பறித்துவிட்டது. தவறு செய்தவள் நான் என்பதால், அதைச் சொல்லவேண்டியவளும் நான்தான்.

அவருடைய மகன் என் கடைக்கு வந்தது மழைக்காலம் முடிந்த ஒரு காலையில். ஐம்பதைத் தாண்டிய பஸ் டிரைவர், வேலை உடுப்போடு வந்திருந்தார். போர்வையில் சுற்றிய படத்தை, தூங்குகிற குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேஜையில் வைத்துப் போர்வையை விலக்கினார். கையெழுத்தைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. கடல்காரர் படம்.

கடல்காரர் என்று சொன்னால் இப்போது எத்தனை பேருக்குத் தெரியுமோ. வாழ்நாள் முழுக்கக் கடலை மட்டும் வரைந்தவர். ஒரு முகம் வரைந்ததில்லை, ஒரு மரம் வரைந்ததில்லை. எண்ணெய் வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார், வெளிச்சம் மாறுவதற்குள் வரைந்து முடித்துவிட்டு வீட்டுக்கு நடப்பார். கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் தீற்றல்கள். பத்தடி தள்ளி நின்றால் தண்ணீர் அசையும். நான் படிக்கிற காலத்தில் அவருடைய ஆரம்பகாலப் படங்களுக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். அவ்வளவு மெல்லிய பூச்சு. துணியின் இழை தெரியும், அந்த இழையே தண்ணீரின் சிலிர்ப்பாகவும் தெரியும்.

பிறகு என்ன ஆயிற்றோ, கடைசிப் பத்து வருடங்களில் ஆள் மாறிவிட்டார். வண்ணத்தைக் கத்தியால் அள்ளி அப்ப ஆரம்பித்தார். படத்துக்குப் படம் தடிமன் கூடியது. கை போய்விட்டது என்றார்கள். நானும் சொன்னேன். சும்மா வாய்வார்த்தையாக இல்லை. அவர் இறந்த மறுவருடம் அவர் நினைவாக நடந்த ஒரு கூட்டத்தில், மேடையேறி, மைக்கைப் பிடித்துச் சொன்னேன். வயதானால் சிலருக்குக் குரல் தடிக்கும், இவருக்கு வண்ணம் தடித்துவிட்டது என்று. இளம் வயது, நாக்குக்கு எலும்பில்லை. கைதட்டினார்கள். அது அவர் காதில் விழ வழியில்லை என்பது ஒன்றுதான் பிற்பாடு எனக்கு இருந்த ஆறுதல்.

மேஜையில் கிடந்தது அந்தக் கடைசிக் காலத்துப் படம், அவருடைய கடைசிப் படமே அதுதான். முப்பது வருடத்துக்கு மேல் பழசு. ஒரு சின்ன ஜன்னல் அளவு இருக்கும். மேலே கொஞ்சம் சாயங்கால வானம், பச்சையும் சாம்பலும் கலந்து. மீதி எல்லாம் கரையை நோக்கி வரும் அலைகள். எண்ணினேன், ஏழு. ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு எழும்பி நின்றது. தூரத்தில் ஒரே ஒரு படகு. அதுவும் வரைந்த படகு இல்லை. ஈர வண்ணத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்த ஒரு பள்ளம், அதன் அடியில் துளி பழுப்பு. வீட்டுக் கூரை ஒழுகி, தண்ணீர் படத்தின் பின்பக்கமாக இறங்கியிருந்தது. துணி உப்பி, மேல் மூலையில் கிழிந்து, வானம் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது.

"அம்மாவுக்கு இந்தப் படம்னா..." என்று டிரைவர் ஆரம்பித்தார்.

நான் பேசாமல் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டினேன். படித்தார், வாயை மூடிக்கொண்டார். பலகையில் எழுதியிருப்பதை மதித்தே பிழைக்கிற தொழில் அவருடையது. கதவு வரை போனவர் நின்று, அம்மா தினமும் இதன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், சீக்கிரம் கிடைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னார். நாலு வாரம் ஆகும் என்றேன். இன்னும் ஏதோ சொல்ல நினைத்து நின்றார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அதற்குப் போகலாம் என்று அர்த்தம். அரை நிமிடம் அவரைப் பேச விட்டிருந்தால் நான் இன்றைக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

படம் தன் கதையைத் தானே சொல்லும் என்பது என் வாதம். இந்தப் படமும் சொல்லத்தான் செய்தது. முதலில் அழுக்கு. சுவரில் தொங்கும் படத்தில் அழுக்கு எங்கே சேரும்? மேல் விளிம்பில் தூசி இருக்கும், மொத்தமாக ஒரு புகைப் படலம் இருக்கும். இதில் அழுக்கு அலைகளின் உச்சியில் மட்டும் இருந்தது. கறுத்து, வழவழவென்று, பழைய கதவின் கைப்பிடி மாதிரி. பள்ளங்கள் எல்லாம் சுத்தம். வானத்தில் ஒரு கறை இல்லை. வீட்டில் யாரோ துடைக்கிறேன் பேர்வழி என்று எண்ணெய்க் கையால் தேய்த்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிக்கொண்டே சுத்தம் செய்தேன். குச்சியில் சுற்றிய பஞ்சு நூற்றுக்கு மேல் செலவானது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

அடுத்தது ஃபிரேம். அதன் கீழ்க்கட்டையில், சரியாக நடுவில், பாலிஷ் தேய்ந்து மரம் தெரிந்தது. மட்டமான பாலிஷ் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் படகு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பள்ளத்தில் விரல் ரேகைகூடத் தெரிந்தது. ஓர் ஆணின் கட்டைவிரலுக்கு அது சின்னது. சின்னதாக இருக்கிறதே என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. நினைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். கண் போதும் என்று சொன்னவளின் கண் செய்த வேலை இவ்வளவுதான்.

இனி என் கை செய்த வேலை. துணி இற்றுப்போயிருந்தது, பின்னால் புதுத் துணி ஒட்டினால்தான் நிற்கும். அதற்கு முதலில் படத்தின் முகத்தில் மெல்லிய காகிதத்தை ஒட்டி, பலகையில் குப்புறப் போடவேண்டும். முதுகில் பசை தடவிப் புதுத் துணியை விரித்து இஸ்திரி போடவேண்டும். பிறகு மேலே இன்னொரு பலகை வைத்துப் பாரம் ஏற்றி, பத்து நாள் விடவேண்டும். வண்ணம் தடித்து நிற்கும் படம் என்றால் அடியில் கனத்த கம்பளியை மடித்துப் போடுவோம். மேடுகள் கம்பளிக்குள் புதைந்து தப்பித்துக்கொள்ளும். சூட்டையும் குறைக்கவேண்டும், அதனால் வேலை இரட்டிப்பாகும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. எத்தனையோ படங்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டியைச் சூடேற வைத்திருந்த அன்று டிரைவர் மறுபடி வந்தார். வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு நேராக வருகிறேன் என்றார். முகம் வாடியிருந்தது. படம் குப்புறக் கிடப்பதைப் பார்த்ததும் பதறிப்போய், "அலைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று கேட்டார்.

"உங்க பஸ்ஸ எப்படி ஓட்டணும்னு நான் சொல்லித் தரேனா?" என்றேன்.

அவர் சிரிக்க முயன்றார். மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வலிய வந்து கதவைத் தட்டிய ஒரு நல்ல வேளையை இரண்டாம் முறையும் நானே விரட்டினேன்.

கம்பளி அலமாரியிலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏனென்றால் அந்த மேடுகள் மேல் எனக்கு மரியாதை இல்லை. அவற்றின் கனம்தான் துணியை இழுத்துக் கிழித்தது என்று நினைத்தேன். கை போன மனிதரின் அப்பல், கொஞ்சம் அமுங்கினால் படத்துக்கே நல்லது, அவருடைய பழைய மெல்லிய கடல் திரும்பி வரும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பச்சையாகச் சொன்னால், இளம் வயதில் மேடையில் சொன்ன தீர்ப்பை இப்போது இஸ்திரிப் பெட்டியை வைத்து நிறைவேற்றினேன். வெறும் பலகையில் போட்டு, அழுத்தி, பாரம் ஏற்றினேன்.

பத்து நாள் கழித்துப் பாரத்தை இறக்கி, காகிதத்தை ஈரப் பஞ்சால் உரித்தபோது அலைகள் உட்கார்ந்திருந்தன. விரல் தடிமனுக்கு நின்றவை இப்போது அட்டை தடிமன்கூட இல்லை. ஆனால் நிறம் இருக்கிறதே, அப்படி ஒரு நிறம். அழுக்கு போன இடத்திலெல்லாம் நீலமும் வெள்ளையும் மெல்லிய ரோஜா நிறமும் வெளியே வந்திருந்தன. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், தண்ணீர் அசைந்தது. சந்தோஷம் தாங்காமல் தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டே நின்றால் கால் நனைந்துவிடும் போலிருக்கிறது என்றார் அவர். வாங்கிப்போக வந்த டிரைவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வரைந்து முடித்த அன்று பார்த்த மாதிரியே இருக்கிறது என்றார். அவர் கடல்காரரின் மகன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரும் கண்ணால் பார்க்கிறவர்தானே.

படத்தை வீட்டுக்குப் போய் நானே மாட்டுவது வழக்கம். ஆணி சரியில்லாமல் விழுந்து என்னிடமே திரும்பி வந்த படங்கள் உண்டு. அவரோடு போனேன். கட்டடத்தின் கடைசி மாடியில் இரண்டு அறை வீடு. கூரை ஒழுகிய இடத்தில் புதிதாக சிமென்ட் பூசி, இன்னும் வெள்ளையடிக்காமல் இருந்தது. அம்மாவும் அவரும் மட்டும்தான் அங்கே என்று வழியில் சொல்லியிருந்தார். மாட்டவேண்டிய சுவரைக் காட்டினார். ஆணிகள் என் நெஞ்சு உயரத்தில் இருந்தன. இவ்வளவு தாழ்வாக யாராவது படம் மாட்டுவார்களா என்று கேட்க வாயெடுத்தவள், அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். சுவரை ஒட்டி, சுவரைப் பார்த்தபடி, கை எட்டும் தூரத்தில் போட்டிருந்தது. அதன் கால்கள் நின்ற இடத்தில் தரை நாலு குழியாகத் தேய்ந்திருந்தது.

உள்ளறையிலிருந்து அவருடைய அம்மா வந்தார். எண்பது வயது இருக்கும், நிமிர்ந்த உடம்பு. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். கண்கள் திறந்திருந்தன, ஆனால் எங்கள் இருவரையும் தாண்டி எங்கேயோ இருந்தன.

"வந்துடுச்சா?" என்று கேட்டார்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அலை உச்சியில் மட்டும் இருந்த அழுக்கு, மணிக்கட்டு ஊன்றித் தேய்ந்த கட்டை, தாழ்வான ஆணி, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிவிட்டது.  அப்போதே சொல்லியிருக்கவேண்டும். டிரைவர் படத்தை நீட்டினார், நான் வாங்கி மாட்டினேன். மட்டம் பார்த்தேன். இடது பக்கம் துளி தாழ்ந்திருந்ததைச் சரிசெய்தேன். பயந்துபோனவளின் கை தனக்குப் பழகிய வேலையில் போய் ஒளிந்துகொண்டது.

அந்த அம்மா கை கழுவிவிட்டு வந்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது மணிக்கட்டை ஃபிரேமில் அந்தத் தேய்ந்த இடத்தில் ஊன்றினார். வலது கை கரையிலிருந்து மேலே கிளம்பியது, அவசரமில்லாமல், தெரிந்த பாதையில் நடப்பதுபோல. நின்றது. திரும்பிக் கீழே வந்தது. மறுபடி போனது. இந்த முறை உள்ளங்கையை விரித்து முழுக்கத் தடவினார்.

"பெரியவ எங்க?" என்றார்.

டிரைவர் எனக்குத் தாழ்ந்த குரலில் விளக்கினார். ஏழு அலைகளுக்கும் அம்மா பெயர் வைத்திருக்கிறாராம். கரையோரம் நீட்டிப் படுத்திருப்பவள் சோம்பேறி. அவளுக்குப் பின்னால் தலைகுப்புற விழுபவள் அவசரக்காரி. நடுவில் எல்லோரையும்விட உயரமாக நிற்பவள் பெரியவள். சொல்லிவிட்டு அம்மா பக்கம் குனிந்தார். "அங்கதாம்மா இருக்கா, நடுவுல. இப்ப வெள்ளை வெளேர்னு நல்லா இருக்கா."

"வெள்ளையா இருந்தா எனக்கென்ன, கறுப்பா இருந்தா எனக்கென்ன? இங்க யாருமே இல்லையேடா."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  பேசியபோது குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வித்துட்டியா?"

"அம்மா..."

"வேற ஒண்ண வரைய வச்சுக் கொண்டாந்திருக்க. கண்ணு தெரியாதவதானே, என்னத்தையாவது மாட்டினா போதும்னு நெனச்சியா?"

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பழைய வேர் இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஓர் ஓவியக் கூடத்திலிருந்து வந்து இந்தப் படத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே இருப்பதைவிட அங்கே பத்திரமாக இருக்குமே என்று டிரைவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இதையெல்லாம் எனக்கு அப்புறம்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவர் சுவரில் சாய்ந்து நின்று, படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது அப்பாவின் படம்தான், முன்னைவிடத் தெளிவாக இருக்கிற படம். எதிரே நின்று பார்க்கிறவருக்கு அலை அமுங்கியது தெரியவில்லை, அம்மாவுக்கு என்ன குறைகிறது என்று பிடிபடவில்லை. அது அம்மாவுடையது, வேறு யாரும் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவைத்ததால் அவர் ஒரு நாளும் அதில் விரல் வைத்ததில்லை.

என்ன நடந்தது என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்காவிட்டால், அந்த மகன் தன் அம்மா சாகும்வரை திருடனாக இருப்பார், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, கை கொடுத்து மாடிப்படி இறக்கிக்கொண்டே. இது தெரிந்தும் நான் ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் டிரைவர் கோபப்படவில்லை, சத்தியம் செய்யவில்லை. "நான் விப்பேனாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதர் அப்படிக் கேட்டதை நின்று கேட்க என்னால் முடியவில்லை.

"அவர் விக்கலைங்கம்மா. படம் அதேதான். நான்தான் அலையெல்லாம் அமுக்கிட்டேன்."

அந்த அம்மாவின் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. நான் யார் என்று சொன்னேன். கம்பளி போட்டிருக்கவேண்டும் என்பதையும், அலமாரியில் இருந்தும் போடாததையும், போடாததற்குக் காரணத்தையும் சொன்னேன். அவர் மகன் கதை சொல்ல வந்தபோது அட்டையைக் காட்டியது, அலைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டபோது எடுத்தெறிந்து பேசியது, மேடையில் வண்ணம் தடித்துவிட்டது என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை. ஒன்றை மறைத்தாலும் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்று தோன்றியது.

"கொரல எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு" என்றார் அந்த அம்மா. "மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். எல்லாரும் கைதட்டினாங்க."

எனக்கு இருந்த ஒரே ஆறுதலும் அதோடு போயிற்று. தலையைக் குனிந்துகொண்டேன், அவருக்குத் தெரியாது என்றாலும்.

ஆனாலும் அவர் நம்பவில்லை. அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறீர்கள், வாங்கிப் போனவர்கள் பழைய ஃபிரேமுக்குள் வேறு படத்தை வைத்து, சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றார். நிறத்தைச் சொல்லி அவரிடம் நிரூபிக்க முடியாது. பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள் என்றால் அங்கே நான் ஒட்டிய புதுத் துணிதான் இருக்கிறது. படத்தில் அவருக்குத் தெரிந்த அடையாளம் ஒவ்வொன்றையும் நானே அழித்திருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பள்ளம் ஞாபகம் வந்தது. பாரம் வைத்தால் மேடுதான் அமுங்கும்.

"தூரத்துல ஒரு படகு இருக்குங்கம்மா. அதத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

 அவர் கை எழுந்தது. நான் வழிகாட்டவில்லை, காட்டவேண்டியும் இருக்கவில்லை. அலைகள் இருந்த இடத்தை எல்லாம் ஒன்றுமில்லாத வெளியைக் கடப்பதுபோல் கடந்து, மேலே, வலது பக்கம் போய் நின்றது. கட்டைவிரலைத் திருப்பிப் பள்ளத்தில் வைத்தார். பூட்டில் சாவி உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

"இது என் விரல்" என்றார்.

விரலை எடுக்காமலே அவர் எங்களுக்குச் சொன்னார். இல்லை, எனக்குச் சொன்னார். மகனுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நாற்பது வயதில் அந்த அம்மாவுக்குக் கண் மங்க ஆரம்பித்திருக்கிறது. அதுவரை கடல்காரர் எதை வரைந்தாலும் முதலில் பார்ப்பவர் இவர்தான். தண்ணி அசையலை என்று இவர் சொன்னால் அவர் மறுபேச்சில்லாமல் சுரண்டிவிட்டு மறுபடி வரைவார். பார்வை குறையக் குறைய, இவருக்குக் கொஞ்சமாவது தெரியட்டும் என்று அவர் வண்ணத்தைக் கூட்டிக்கொண்டே போனார். முழுக்க இருண்ட பிறகு, தொட்டால் தெரியட்டும் என்று இன்னும் கூட்டினார். ஊரில் என்ன பேசினார்கள் என்பது இருவருக்கும் தெரியும். வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். "கண்ணு போனது எனக்கு, கை போச்சுன்னு பேரு அவருக்கு" என்றார்.

இந்தப் படத்துக்காக இருவரும் ஒரு மாதம் தினமும் சாயங்காலம் கரைக்குப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு அலையும் எப்படி வருகிறது என்று இவர் காதால் கேட்டுச் சொல்வார். அவர் வண்ணத்தை அப்பி, இவர் கையைப் பிடித்து ஈரத்தின் மேல் லேசாக ஓட்டி, இவ்வளவு போதுமா என்று கேட்பார். பெரியவளுக்கு மட்டும் இன்னும், இன்னும் என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். டப்பா காலியாகிவிட்டது, விடு என்று அவர் கெஞ்சும்வரை. முடித்த அன்று இவருடைய கட்டைவிரலைப் பிடித்து ஈர வண்ணத்தில் அழுத்தினார். இவ்வளவு பெரிய கடலில் நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்குத் தெரியவேண்டாமா என்றாராம்.

"படகு இருக்கு" என்றார் அந்த அம்மா. "கடல் போச்சு."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்குப் பதில் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. அலைகளைத் திரும்ப எழுப்ப முடியுமா என்று அவர் கேட்டார். நாற்பது வயதில் கண் மங்கியபோது, புதுக் கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று டாக்டரிடம் கேட்டிருப்பாரே, அந்தக் குரல்.

"முடியாதுங்கம்மா. நான் எழுப்பினா அது என் அலையாத்தான் இருக்கும்."

தலையை ஆட்டினார். "அப்ப வேண்டாம்."

கட்டைவிரலைப் பள்ளத்திலிருந்து எடுத்தார். "இங்க வா" என்றார். டிரைவர் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா மன்னிப்புக் கேட்பார், அல்லது ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கை அவர் தோளைத் தேடிப் பிடித்து, கழுத்து வழியாக ஏறி, முகத்துக்குப் போனது. டிரைவர் கூசிப்போய் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுத்தியலைப் பெட்டிக்குள் வைத்தேன். ஆனால் கண் அங்கேயேதான் போயிற்று. சற்று முன் படத்தின் மேல் போன அதே நிதானத்தில் விரல்கள் தாடையிலிருந்து கன்னத்துக்கும் கன்னத்திலிருந்து நெற்றிக்கும் ஏறின. நெற்றியில் நின்றன.

"இது என்னடா?"

"கோடும்மா. வயசாகுதுல்ல."

"இத்தனையா?"

 விரல்கள் ஒவ்வொரு கோடாக ஏறி இறங்கின, அவசரமில்லாமல், புது வழி பழகிக்கொள்வதுபோல. கடைசிக் கோட்டுக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இவ்வளவு வருஷமா உன் மொகத்தத் தொடவே இல்லையேடா நான்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஆணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.